புது ஜட்ஜுகளுக்குக் குற்ற வழக்கு நடத்தப் பயிற்சி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் குற்ற வழக்குகள் நடக்கும் கோர்ட்டுகளில் முப்பத்தொரு வருடம் ஸ்டெனோவாக இருந்தேன். ஜட்ஜின் மேடைக்குக் கீழே, சாட்சிக் கூண்டிலிருந்து நாலடி தள்ளி என் மேசை. சாட்சி பேசுவதைக் கேட்டு ஜட்ஜ் சொல்லச் சொல்ல நான் அடித்துத் தருவேன். ஓய்வு பெற்ற பிறகு அல்சூரில் எங்கள் வீட்டுக்குச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். தேர்வாகிப் பயிற்சிக்குக் கிளம்புகிறவர்கள், அவர்களுடைய அப்பா அம்மா, வழக்கில் சிக்கிக் கோர்ட்டுக்கு அலைகிறவர்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

சட்டப் பிரிவுகள் எல்லாம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதுச் சட்டங்களின்படி. பி.என்.எஸ்.எஸ். என்றால் குற்ற வழக்கை நடத்தும் முறையைச் சொல்லும் சட்டம், பழைய சி.ஆர்.பி.சி. இருந்த இடத்தில் வந்தது. பி.எஸ்.ஏ. என்றால் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்தது.

சட்டம் படிச்சு, பரீட்சை எழுதி, பாஸ் பண்ணித்தானே ஜட்ஜ் ஆகறாங்க. அப்புறம் எதுக்கு ட்ரெய்னிங்?

சட்டம் தெரிவது ஒன்று, ஒரு கோர்ட் ஹாலைக் காலை பதினொன்றிலிருந்து மாலை வரை நடத்துவது வேறொன்று. அன்றைய வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்டில் எண்பது வழக்கு இருக்கும். பரப்பன அக்ரஹாரா ஜெயிலிலிருந்து ஆட்கள் வந்திருப்பார்கள். ஓசூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சாட்சி வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். ஒரு வக்கீல் வாய்தா கேட்பார், இன்னொருவர் பெயில் அவசரம் என்பார், கோர்ட் கான்ஸ்டபிள் வாரண்ட்டில் கையெழுத்துக்கு நிற்பார். எதை முதலில் எடுப்பது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

முதல் வாரத்தில் தடுமாறாத ஜட்ஜை நான் பார்த்ததில்லை. அந்தத் தடுமாற்றம் ஒரு மனிதரின் ஜாமீனிலோ ஒரு பெண்ணின் சாட்சியத்திலோ விழுந்துவிடக் கூடாது. அதற்குத்தான் பயிற்சி.

எத்தனை நாள்? எங்கே கொடுப்பாங்க?

ஒரு வருடம். கர்நாடகத்தில் தேர்வாகிறவர்களுக்குப் பெங்களூர் கிரெசென்ட் ரோட்டில் உள்ள கர்நாடக நீதித்துறை அகாடமி. மகாராஷ்டிரத்துக்கு மும்பையை ஒட்டிய உத்தனில், டெல்லிக்குத் துவாரகாவில், தமிழ்நாட்டுக்குச் சென்னையில் இப்படி ஒவ்வொன்று உண்டு. போபாலில் இருப்பது தேசிய அகாடமி.

மூணு வருஷம் பிராக்டிஸ் இருந்தாத்தான் எழுத முடியுமாமே? என் பொண்ணு போன மாசம்தான் முடிச்சா.

முன்பு அப்படித்தான் இருந்தது. நீதிபதி ஜகந்நாத ஷெட்டி தலைமையில் அமைந்த ஊதியக் கமிஷன் சொன்னதை ஏற்று, 2002-ல் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துவிட்டது. படித்து முடித்ததும் எழுதலாம், ஆனால் ஒரு வருடத்துக்குக் குறையாத பயிற்சி வேண்டும் என்றது. 2025 மே 20-ம் தேதித் தீர்ப்பில் அந்த மூன்று வருடம் திரும்ப வந்துவிட்டது. ஜட்ஜுகளிடம் லா கிளார்க்காக இருந்த காலமும் கணக்கில் சேரும். கோர்ட்டில் உட்காருமுன் ஒரு வருடப் பயிற்சி என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

பிள்ளைகளுக்கு இது வருத்தம்தான், புரிகிறது. ஆனால் காத்திருக்கிற மூன்று வருடத்தையும் ஒரு விசாரணைக் கோர்ட் வக்கீலின் பின்னால் நின்று கழிக்கச் சொல்லுங்கள். வராந்தாவில் நாள் முழுக்கக் காத்திருந்த சாட்சியின் முகத்தைப் பார்த்தவர், மேடையில் உட்கார்ந்த பிறகு சுலபத்தில் வாய்தா போட மாட்டார்.

கன்னடம் சரியா வராத தமிழ்ப் பிள்ளை இங்கே ஜட்ஜ் ஆக முடியுமா?

பேச வந்தால் போதாது, எழுதப் படிக்க வர வேண்டும். கீழ்க் கோர்ட்டுகளின் மொழியை மாநில அரசுதான் முடிவு செய்யும், இங்கே அது கன்னடம். தேர்விலேயே ஆங்கிலத்துக்கும் கன்னடத்துக்கும் மாற்றி மாற்றி மொழிபெயர்க்கும் தாள் ஒன்று உண்டு. ஸ்ரீராமபுரத்திலும் மர்ஃபி டவுனிலும் வளர்ந்த பிள்ளைகள் பலர் கன்னடப் பள்ளியிலேயே படித்ததால் சிரமமில்லாமல் எழுதுகிறார்கள்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளை மேடைக்கு வந்தால் அந்தக் கோர்ட்டுக்கு அது பெரிய பலம். ஏன் என்று சாட்சியம் எழுதுவதைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அகாடமியில என்ன சொல்லித் தருவாங்க? மறுபடியும் ஐ.பி.சி. பாடமா?

பாடமும் உண்டு. ஆனால் நேரம் அதிகம் போவது கைவேலையில். முடிந்துபோன வழக்கின் காகிதக் கட்டைக் கொடுத்துக் குற்றச்சாட்டு வனையச் சொல்வார்கள், அதாவது எந்தக் குற்றத்துக்காக விசாரணை என்று எழுதச் சொல்வார்கள். சாட்சியம் எழுதச் சொல்வார்கள், அன்றன்று கோர்ட்டில் நடந்ததைக் குறிக்கும் ஆர்டர் ஷீட் எழுதச் சொல்வார்கள், தீர்ப்பும் எழுத வைப்பார்கள். ஜெயிலுக்கும் தடயவியல் ஆய்வகத்துக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூட்டிப் போவார்கள். அப்புறம் நடக்கும் கோர்ட்டில் ஒரு சீனியர் ஜட்ஜ் பக்கத்தில் உட்கார வைப்பார்கள்.

அப்படி வந்து உட்கார்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நோட்டில் சட்டப் பிரிவுகளையே குறித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு ஜட்ஜ் மட்டும் தன்னிடம் வந்த பயிற்சிப் பெண்ணிடம் நோட்டை மூடச் சொன்னார். “சாட்சி எப்போது தண்ணீர் கேட்கிறார், வக்கீல் எந்தக் கேள்விக்கு முன் குரலை உயர்த்துகிறார், கூண்டில் நிற்கிறவர் யாரைப் பார்க்கிறார், இதை மட்டும் ஒரு வாரம் பாரும்மா” என்றார். அந்தப் பெண் ஒரு வாரம் கழித்துக் கேட்ட கேள்விகளே வேறு மாதிரி இருந்தன.

முதல் போஸ்டிங்கிலேயே கொலை கேஸ் வருமா?

விசாரணைக்கு வராது. புதிதாக வருகிறவர் சிவில் ஜட்ஜாகவும் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டாகவும் உட்காருவார். அவர் கொடுக்கக்கூடிய சிறைத் தண்டனை மூன்று வருடம் வரை. கொலை வழக்கை, பெரிய குற்றங்களை விசாரிக்கும் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பி வைப்பதோடு அவர் வேலை முடியும். பெருநகர மாஜிஸ்திரேட் என்ற வகையைப் புதுச் சட்டம் எடுத்துவிட்டது, ஊரில் இன்னும் பழக்கத்தில் ஏ.சி.எம்.எம். (கூடுதல் தலைமைப் பெருநகர மாஜிஸ்திரேட்) கோர்ட் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் கொலை வழக்கில் கைதானவரை முதலில் பார்ப்பது அந்தப் புது மாஜிஸ்திரேட்தான். 24 மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பேப்பரில் கையெழுத்துப் போட ஒரு நிமிடம் போதும். அப்படிப் போடாதீர்கள் என்பதுதான் பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பேன். போலீஸைத் தள்ளி நிற்கச் சொல்லி, அந்த ஆளிடம் பேர் கேட்டு, அடித்தார்களா, வீட்டுக்குச் சொன்னார்களா, வக்கீல் உண்டா என்று கேட்க வேண்டும். நொண்டி நடந்தால் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் தேவைப்பட்டது என்று பார்க்காமல் இயந்திரம் மாதிரி ரிமாண்ட் செய்யக் கூடாது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது.

வக்கீலுங்கதானே கேஸை நடத்தறாங்க? ஜட்ஜ் கேட்டுக்கிட்டு இருந்தா போதாதா?

போதாது. ஜட்ஜ் எந்தக் கேள்வியையும் எந்தச் சாட்சியிடமும் கேட்கலாம் என்று பி.எஸ்.ஏ. 168-வது பிரிவு சொல்கிறது. அந்தக் கேள்விக்கு இரண்டு தரப்பும் ஆட்சேபம் சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய அதிகாரம். அதை எவ்வளவு எடுப்பது என்பதுதான் சிக்கல். 1981-ல் ராம் சந்தர் வழக்கில் ஒரு செஷன்ஸ் ஜட்ஜ், பேச்சை மாற்றினால் உள்ளே போட்டுவிடுவேன் என்று சாட்சிகளை மிரட்டியிருந்தார். ஜட்ஜ் வெறும் பார்வையாளர் அல்ல, உண்மையைத் தேட வேண்டியவர்தான், ஆனாலும் அரசு வக்கீலின் வேலையையோ எதிர்த் தரப்பின் வேலையையோ பிடுங்கிக்கொள்ளக் கூடாது, சாட்சியைப் பயமுறுத்தவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அங்கே சொன்னது.

நான் பார்த்த நல்ல ஜட்ஜுகள் குறைவாகவே கேட்பார்கள், அதுவும் இரண்டு தரப்பும் முடித்த பிறகு கேட்பார்கள். “நீங்கள் நின்ற இடத்திலிருந்து தெரு விளக்கு எவ்வளவு தூரம்?” என்ற மாதிரி ஒரு கேள்வி. அதுவரை யாருமே அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நடத்துவதில் இன்னொரு பாதி காலண்டர். குற்றச்சாட்டு வனைந்ததும் எந்தச் சாட்சிக்கு எந்தத் தேதி, கூப்பிட்ட தரப்பே கேட்கும் முதல் விசாரணை என்றைக்கு, எதிர்த் தரப்பு கேட்கும் கிராஸ் (குறுக்கு விசாரணை) என்றைக்கு என்று வழக்குக்கு ஒரு அட்டவணை போடச் சொல்லி 2018-ல் கேரள அரசு எதிர் ரஷீத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காய்கறி வாங்கக்கூட லிஸ்ட் எழுதிப் போகிறோம். முப்பது சாட்சி உள்ள வழக்கை லிஸ்ட் இல்லாமல் ஆரம்பித்தால் என்ன ஆகும்?

சாட்சி வந்துட்டார், ஆனா வக்கீல் வாய்தா கேக்கறார். முடியாதுன்னு சொன்னா சண்டைக்கு வர்றார். புது ஜட்ஜ் என்ன செய்யறது?

பி.என்.எஸ்.எஸ். 346-வது பிரிவைத் திறந்து மேசைமேல் வைத்துக்கொள்ளட்டும். விசாரணை ஆரம்பித்தால் தினமும் தொடர்ந்து நடக்க வேண்டும். சாட்சி வந்திருக்கும்போது அவரை விசாரிக்காமல் தள்ளிப்போடக் கூடாது. தள்ளினால் விசேஷக் காரணத்தை எழுத வேண்டும். வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது காரணமே ஆகாது. கட்சிக்காரரின் கையை மீறிய சூழ்நிலை என்றால்கூட, எதிர்த் தரப்பைக் கேட்டு, இரண்டு வாய்தாவுக்கு மேல் கிடையாது. செலவுத் தொகை கட்டச் சொல்லவும் அதிகாரம் உண்டு.

இதெல்லாம் ஏன் இவ்வளவு கறாராக எழுதியிருக்கிறது? 2015-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பஞ்சாப் லஞ்ச வழக்கில் சாட்சியின் முதல் விசாரணை முடிந்து 20 மாதம் கழித்துத்தான் கிராஸ் நடந்தது. அதற்குள் அவர் பேச்சை மாற்றிவிட்டார். எனக்கு அதைவிட நெருக்கமாகத் தெரிந்தது ஒரு பூக்காரம்மா. சங்கிலிப் பறிப்பு வழக்கில் அவர்தான் நேரில் பார்த்தவர். நாலு தடவை வந்தார், நாலு தடவையும் வாய்தா. ஒவ்வொரு முறையும் கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு வருவார், அன்றைய பூ வாடிப்போகும். ஐந்தாவது முறை சம்மன் போனபோது, வீடு மாறிப் போய்விட்டார் என்று திரும்பி வந்தது. வழக்கு விடுதலையில் முடிந்தது. அந்த நாலு ஆர்டர் ஷீட்டும் நான் அடித்தவை. “சாட்சி ஆஜர், வாய்தா” என்று நாலு முறை அடித்திருக்கிறேன்.

கோபப்படாமல் முடியாது என்று சொல்லவும் பழக வேண்டும். “இன்றைக்கு முதல் விசாரணையை எழுதிவிடுகிறேன், மூன்று மணிக்கு உங்கள் ஜூனியர் கிராஸுக்கு வரட்டும்” என்று வழி ஒன்று கொடுத்துச் சொன்னால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

சாட்சி சொன்னதை அப்படியே எழுதணுமா? ஜட்ஜ் தன் பாஷையில சொல்லி அடிக்க வைக்கலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன். சட்டப்படி சாட்சியத்தைக் கதை சொல்கிற மாதிரி எழுதலாம், தேவைப்பட்ட இடத்தில் கேள்வி பதிலாகவும் எழுதலாம். அந்த இரண்டாவது வசதியைப் புது ஜட்ஜுகள் மறந்துவிடுகிறார்கள். சாட்சி பேசுவது ஒரு மொழி, ஜட்ஜ் சொல்வது இன்னொரு மொழி, நான் அடிப்பது அந்த இரண்டாவது. நடுவில் ஒரு வார்த்தை நழுவினால் யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் கூண்டில் ஒரு தமிழ்ப் பெண். வீட்டு வேலை செய்கிறவர். “அவரு எம்மேல கை வெச்சிட்டாரும்மா” என்றார். பக்கத்தில் இருந்தவர் கன்னடத்தில் அதை “ஹொடெதரு” என்று சொன்னார், அடித்தார் என்று அர்த்தம். ஜட்ஜ் அதையே ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். என் விரல் நின்றுவிட்டது. தமிழில் கை வைத்தார் என்றால் அடித்தார் என்றும் வரும், மானத்தில் கை வைத்தார் என்றும் வரும். இரண்டுக்கும் சட்டப் பிரிவே வேறு. எழுந்து நின்று, மெதுவாக, “மேடம், இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு” என்றேன். ஸ்டெனோ அப்படிப் பேசுவது வழக்கமில்லை. அந்த ஜட்ஜம்மா கோபப்படவில்லை. அந்தப் பெண்ணிடம் திரும்பி, “எங்கே கை வைத்தார்? காட்டுங்கள்” என்று கேட்க வைத்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு தோளுக்குக் கீழே காட்டினார். கேள்வியும் பதிலும் அப்படியே பதிவானது. “தமிழில் சாட்சி சொன்ன சொல்” என்று அந்த வாக்கியத்தையும் தமிழிலேயே சேர்த்து எழுதச் சொன்னார்.

எழுதி முடித்ததும் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும், அவருக்குப் புரிகிற மொழியில். பி.என்.எஸ்.எஸ். 313-வது பிரிவு. தப்பு என்று அவர் சொன்னால் ஜட்ஜ் திருத்தலாம், அல்லது அவர் சொன்ன ஆட்சேபத்தைக் குறிப்பாக எழுதலாம். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கினால் முதலில் விட்டுப்போவது இந்தப் படித்துக் காட்டல்தான். பயிற்சியில் இதை நூறு தடவை செய்ய வைக்கலாம், தப்பில்லை.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குற்ற விசாரணைக்கென மாதிரி விதிகளை ஏற்று, உயர் நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. சாட்சியத்தை கோர்ட்டிலேயே ஜட்ஜ் சொல்ல கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும், வேற்று மொழி என்றால் உடனுக்குடன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும், சாட்சியின் மொழியிலும் இருக்க வேண்டும், அன்றைக்கே நகலைக் காசில்லாமல் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது.

ஒரே நேரத்துல ரெண்டு கேஸ்ல சாட்சியம் எழுதினா வேலை சீக்கிரம் முடியாதா?

கூடாது. மேலே சொன்ன அதே 2021 விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு கோர்ட்டில் ஹாலின் ஒரு மூலையில் ஒரு சாட்சி, இன்னொரு மூலையில் இன்னொரு சாட்சி என்று நடந்த காலம் உண்டு. ஜட்ஜ் நடுவில் பெயில் கேட்டுக்கொண்டிருப்பார். சாட்சியின் முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்.

தமிழ் தெரிஞ்ச போலீஸ்காரர் ஒருத்தர் கோர்ட்ல இருந்தா அவரையே மொழிபெயர்க்கச் சொல்லலாமே?

வேண்டாம். அவர் அந்த வழக்கின் ஸ்டேஷனைச் சேர்ந்தவராக இருந்தால் நிச்சயமாக வேண்டாம். மொழிபெயர்ப்பவர் உள்ளதை உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டவர் என்று பி.என்.எஸ்.எஸ். 317-வது பிரிவு கட்டிப்போடுகிறது. வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்தவரிடம் அந்தக் கடமையை எப்படி எதிர்பார்ப்பது? குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் போனால் அவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. கூண்டில் நிற்கிறவர் நாள் முழுக்க எதுவும் புரியாமல் நின்றுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பு எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கு 2003 நவம்பரில் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றப்பட்டது. தமிழில் இருந்த சாட்சியங்களும் ஆவணங்களும் ஆங்கிலத்துக்கு வர வேண்டியிருந்தது, அதற்கே நிறையக் காலம் போனது. தீர்ப்பு வந்தது 2014 செப்டம்பர் 27-ல்.

சாட்சி பல்டி அடிச்சா ஜட்ஜ் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணுமா?

பிறழ்சாட்சி என்று அறிவித்து, கோர்ட் அனுமதியோடு அரசு வக்கீல் தன் சாட்சியையே கிராஸ் செய்யலாம். அதனால் அவர் சொன்ன எல்லாமே அழிந்துபோகாது, நம்பக்கூடிய பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அரசு வக்கீல் சும்மா இருந்தால்? அப்போதுதான் மேலே சொன்ன 168-வது பிரிவு வேலைக்கு வரும். இப்போது சொன்ன அந்தச் சொத்து வழக்கு சென்னையிலிருந்து மாற்றப்பட்டதற்கு ஒரு காரணமே இதுதான். சாட்சிகள் பலரைத் திரும்ப அழைத்தார்கள், அவர்கள் பேச்சை மாற்றினார்கள், உண்மை என்ன என்று அரசுத் தரப்பு தோண்டிக் கேட்கவில்லை. உச்ச நீதிமன்றம் அதைக் கவனித்துச் சொன்னது.

ஏன் மாற்றினார் என்பதையும் பார்க்க வேண்டும். பயமா, பணமா, அலைச்சலா? பயம் என்றால் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018-லிருந்து இருக்கிறது. அலைச்சல் என்றால் அந்தப் பூக்காரம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குழந்தை சாட்சி சொல்ல வந்தா?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வக்கீல்கள் குழந்தையிடம் நேரே கேட்பதில்லை. கேள்வியை ஜட்ஜிடம் கொடுக்க வேண்டும், ஜட்ஜ்தான் குழந்தையிடம் கேட்பார். குழந்தை எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, பார்க்கும்படி விடக் கூடாது, திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. மாஜிஸ்திரேட்டாக இருக்கிற புது ஜட்ஜுக்கு இந்த விசாரணை வராது, ஆனால் குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வரும். குழந்தையின் சொல்லை மாற்றவே கூடாது. உடம்பின் பாகத்துக்குக் குழந்தை தன் வீட்டில் சொல்லும் செல்லப் பெயரைச் சொன்னால் அதையே எழுத வேண்டும்.

விசாரணை முடிஞ்சதும் அக்யூஸ்டுகிட்ட நூறு கேள்வி கேக்கறாங்களே, அது வெறும் சடங்குதானே?

சடங்காக்கிவிட்டோம், அதுதான் வருத்தம். பி.என்.எஸ்.எஸ். 351, பழைய சி.ஆர்.பி.சி.யில் 313. தனக்கு எதிராக வந்த ஒவ்வொரு சாட்சியத்தையும் அவரிடம் நேரே சொல்லி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிற ஒரே இடம். சத்தியம் வாங்குவதில்லை, பொய் சொன்னாலும் தண்டனையில்லை. அவரிடம் கேட்காத விஷயத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்துவது பெரும் சிக்கல். மேல் கோர்ட்டில் வழக்குகள் உடைகிற இடங்களில் இதுவும் ஒன்று.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், சாட்சியத்திலிருந்து ஒரு பத்தியை அப்படியே வெட்டி ஒட்டி, கடைசியில் “இதற்கு என்ன சொல்கிறீர்கள்” என்று சேர்த்துவிடுவார்கள். ஒரே கேள்வியில் ஆறு விஷயம். கூண்டில் இருக்கிற கூலித் தொழிலாளி “தெரியாதுங்க” என்பார். எது தெரியாது? ஒரு கேள்விக்கு ஒரு விஷயம் என்று உடைக்க வேண்டும். கேள்விகளைத் தயாரிக்க இரண்டு தரப்பு வக்கீல்களின் உதவியையும் ஜட்ஜ் கேட்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. மேலே சொன்ன வழக்கில் ஜெயலலிதாவிடம் 2011-ல் கேட்டவை 1339 கேள்விகள். அப்போது முதல்வராக இருந்தவருக்கு அவ்வளவு பொறுமையாகக் கேட்க முடியும் என்றால், செல்போன் திருடியதாகச் சொல்லப்படுகிற பையனுக்குப் பதினைந்து கேள்வியைப் புரியும்படி கேட்க முடியாதா?

கேள்விக்கு ஆட்சேபம் சொன்னா உடனே முடிவு சொல்லணுமா?

உடனே, அல்லது அந்தச் சாட்சி இறங்குவதற்குள். 2001-ல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றத்தில், ஆட்சேபத்தைக் குறித்துவிட்டுத் தீர்ப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அது வழக்கு நின்றுபோகாமல் இருக்க. ஆனால் அதனால் தேவையில்லாத கேள்விகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. 2021-ல் கேள்விகளைப் பொறுத்தவரை அதை மாற்றச் சொன்னார்கள்.

சீக்கிரம் முடின்னும் சொல்றாங்க, அவசரப்படாதேன்னும் சொல்றாங்க. எதைக் கேக்கறது?

இதைப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் எல்லோருமே கேட்டிருக்கிறார்கள். புதுச் சட்டத்தில் கெடுக்கள் உண்டு. செஷன்ஸ் வழக்கில் குற்றச்சாட்டைப் பற்றி வாதம் கேட்கும் முதல் தேதியிலிருந்து 60 நாளில் குற்றச்சாட்டு, வாதம் முடிந்து 30 நாளில் தீர்ப்பு, காரணம் எழுதினால் 45 நாள். வாய்தாவைப் பற்றி மேலே சொன்னதும் சேர்த்தால் ஓடு ஓடு என்றுதான் தோன்றும்.

இந்தப் பக்கம் ஒரு வழக்கைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் குழந்தைக் கொலை வழக்கு ஒன்று, குற்றச்சாட்டு வனைந்து இரண்டு வாரத்துக்குள் மரண தண்டனை. எதிரிக்கு இலவச வக்கீலை நியமித்த அன்றைக்கே குற்றச்சாட்டும் வனைந்துவிட்டார்கள். கட்டைப் படிக்கக்கூட அவருக்கு நேரமில்லை. 2019-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கி முதலிலிருந்து நடத்தச் சொன்னது. ஆயுள், மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் அப்படி நியமிக்கப்படும் வக்கீலுக்குப் பத்து வருட அனுபவம் வேண்டும், தயாராகக் குறைந்தது ஏழு நாள் கொடுக்க வேண்டும் என்றது.

எனக்குப் பட்டது இது. சாட்சி காத்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள், சாட்சி பேசும் நேரத்தைக் குறைக்காதீர்கள். வாய்தாவில் போகிற மாதங்களை வெட்டினால், கூண்டில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுப்பது ஒன்றும் பெரிதில்லை.

சீனியர் வக்கீல் சத்தம் போட்டா? அதுவும் இருபத்தாறு வயசுப் பொண்ணு மேடையில இருந்தா?

போடுவார்கள். அவமதிப்புச் சட்டத்தை முதலில் எடுக்க வேண்டாம். எழுதுவதுதான் முதல் வழி. “வக்கீல் இப்படிச் சொன்னார், கோர்ட் இப்படிக் கேட்டது” என்று அவர் காதில் விழும்படி எனக்குச் சொல்லி ஆர்டர் ஷீட்டில் அடிக்க வைத்த ஒரு இளம் ஜட்ஜை நினைத்துக்கொள்கிறேன். குரலை உயர்த்தவே இல்லை. இரண்டாவது வரி அடிப்பதற்குள் அந்த வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

பாதியில ஜட்ஜ் மாறிட்டா? சாட்சிங்களைத் திரும்ப முதல்லேர்ந்து விசாரிக்கணுமா?

பொதுவாக வேண்டியதில்லை. முன்னவர் எழுதிய சாட்சியத்தை வைத்தே புதியவர் தொடரலாம், பி.என்.எஸ்.எஸ். 365-வது பிரிவு. நியாயத்துக்கு அவசியம் என்று பட்டால் ஒரு சாட்சியைத் திரும்ப அழைக்கலாம். சின்னக் குற்றங்களைச் சுருக்கமாக முடிக்கும் சுருக்க விசாரணை வழக்குகளுக்கு இது பொருந்தாது.

யோசித்துப் பாருங்கள், தீர்ப்பு எழுதப் போகிறவர் அந்தச் சாட்சியைப் பார்த்ததே இல்லை. அவர் கையில் இருப்பது நான் அடித்த நாலு பக்கம். அதனால்தான் சாட்சியின் நடத்தையைப் பற்றித் தேவையானதை ஜட்ஜ் குறித்து வைக்க வேண்டும் என்று 315-வது பிரிவு சொல்கிறது. அதைச் செய்கிறவர்கள் குறைவு. கை வைத்தார் என்று சொன்ன அந்தப் பெண்ணின் வழக்கில் ஜட்ஜம்மா மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் கட்டைப் படித்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தி, “இதை நீங்கள்தானே அடித்தீர்கள்?” என்று என்னைக் கேட்டார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருந்த குறிப்பு: “சாட்சி பதில் சொல்லுமுன் சில நிமிடம் பேசவில்லை. எதிரி இருந்த பக்கம் திரும்பவில்லை. தண்ணீர் கொடுக்கப்பட்டது.”